உப்பு போட்ட குழி

அந்த வெல்டிங் மிஷின் வந்த நாளிலிருந்தே எனக்கு அதைப் பிடிக்கவில்லை என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் பொய். அதை வாங்கச் சொன்னதே நான்தான்.

தொண்ணூறுகளின் பாதியில் எங்கள் பக்கத்தில் தோல் பதனிடும் டேனரிகள் சில பூட்டப்பட்டன. ராணிப்பேட்டையில் என் வீட்டுக்காரர் பன்னிரண்டு வருஷம் ஃபிட்டராக இருந்த டேனரியும் அதில் ஒன்று. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர். ஆகவே வீட்டில் சோற்றுக்குப் பஞ்சமில்லை. பேச்சுக்குத்தான் பஞ்சம் வந்தது. கல்யாணமான புதிதில் தூக்கத்தில்கூட வாயை மூடாத மனிதர், வேலை போனதும் பேசுவதையே நிறுத்திவிட்டார். காலையில் டேனரி சங்கு ஊதுகிற நேரம் வந்தால் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கேட்டருகே நாற்காலியில் உட்காருவார். சங்கு ஊதாமல் போய் மாதக்கணக்காகிவிட்டது என்பது அவருக்கும் தெரியும். சாயங்காலம் சட்டையைக் கழற்றுவார். திட்டிப் பார்த்தேன், அழுது பார்த்தேன், பாஸ்டரைக் கூட்டிவந்து ஜெபம் பண்ணியும் பார்த்தேன். ஜெபத்துக்கு ஆமென் சொன்னார், அவ்வளவுதான்.

"வீட்லயே ஒரு வெல்டிங் மிஷின் போட்டுக்கங்க. கேட்டு, கிரில்லுன்னு எதையாவது பண்ணுங்க. நீங்க இப்படியே குந்திக்கினு இருந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிடும்" என்று ஒருநாள் கத்தினேன். மறுநாள் ஆம்பூர் பஸ் ஏறிப் போனார். சாயங்காலம் டெம்போவில் அந்த மிஷினோடு வந்து இறங்கினார்.

பழைய இரும்புக் கடையில் எடுத்தது. மூடிப்போன ஏதோ ஒரு டேனரியிலிருந்து வந்ததாம். இடுப்பு உயரம், பச்சைப் பெயின்ட், நான்கு சக்கரத்தில் ஒன்று இல்லை. பின் வராந்தாவில் வைத்து மேல்தகட்டைக் கழற்றினார். உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. செம்புச் சுருளின் இடுக்குகளில் பழுப்பு நிறத்தில் ஏதோ அடைந்திருந்தது. என்ன என்று குனிந்து பார்த்தேன். ஆட்டு ரோமம். எத்தனையோ வருஷம் தோல் கிடங்கின் ஓரத்தில் நின்ற மிஷின், காற்றில் பறந்த ரோமத்தையெல்லாம் உள்ளே இழுத்து வைத்திருந்தது. அதை என் புருவ முடி பிடுங்குகிற இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டே அவர் சொன்னார்:

"இன்னா அழகா சுத்திக்கிறான் பாரு, காயிலு."

மாதக்கணக்கில் அவர் தானாகப் பேசிய முதல் வார்த்தை அது. நான் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அன்றைக்கு அந்த இரும்புப் பெட்டிக்கு மாலை போடச் சொல்லியிருந்தாலும் போட்டிருப்பேன்.

காயிலில் ஈரம் ஏறியிருந்ததால் உள்ளே நூறு வாட் பல்பு ஒன்றைத் தொங்கவிட்டு மூன்று நாள் எரியவிட்டார். தகட்டின் கீறல்கள் வழியாக வெளிச்சம் கோடு கோடாகச் சுவரில் விழும். சூடு ஏற ஏற, பச்சைத் தோல் நாற்றம் வந்தது. சுண்ணாம்பு, உப்பு, ரத்தம் எல்லாம் கலந்த நாற்றம். பன்னிரண்டு வருஷம் அவர் சட்டையில் துவைத்துத் துவைத்து நான் போக்கிய அதே நாற்றம், ஆள் இல்லாமல் தனியாக வீட்டுக்குள் நடமாடியது. எனக்குக் கொஞ்சம் நெஞ்சு படபடத்தது உண்மை. ஆனால் சயின்ஸ் டீச்சர் படபடக்கலாமா? ஊதுவத்தி கொளுத்தி வைத்தேன்.

வெல்டிங் ராடுகளும் ஈரமாய் இருந்தன. அவற்றை என் தோசைக்கல்லில் அடுக்கி வாட்டினார். ஒரு வாரம் தோசையில் ராடின் மேல்பூச்சு மருந்து வாடை. நான் போட்ட சத்தத்துக்கு அவர் சிரித்தார். ஆகவே தோசை எப்படியோ போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதல் நாள் மிஷினைப் போட்டதும் தெருவே கூடிவிட்டது. கரண்ட் ஒரு கம்பியில் வந்து இன்னொரு கம்பியில் திரும்பிப் போகவேண்டும். எங்கள் தெருவில் வருகிற கம்பி பரவாயில்லை. திரும்பிப் போகிற கம்பி பழசு, மெலிசு. இவர் ராடை இரும்பில் உரசியதும் எங்கள் வீட்டில் இயேசு படத்தடியில் எரிகிற சிவப்பு பல்பு மங்கிற்று. வேறு லைனில் இருக்கும் எதிர் வரிசை வீடுகளில் பல்புகள் பளீரென்று எரிந்து பட்டென்று போயின. ஒருவர் டிவி போச்சு என்று வந்தார். இன்னொருவர் டிவியே இல்லாமல் சும்மா சண்டைக்கு வந்தார். வீட்டுக்காரர் ஹோல்டரைக் கீழே வைத்துவிட்டு மறுபடி நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மறுபடி அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியாது.

இரண்டு நாள் கழித்து அவராகவே எழுந்தார். "திரும்பிப் போறதுக்குக் கம்பி எதுக்கு? பூமி இருக்குதே. டேனரியில அவசரத்துக்கு அப்படித்தான் பண்ணுவோம். உப்புத் தண்ணி ஊறின தரையில ஒரு கம்பியை அடிச்சா ஜம்முனு ஓடும்."

வேறு ஊராக இருந்தால் நடந்திருக்காது. நல்ல மண் அவ்வளவு கரண்டை வாங்காது. எங்கள் மண் நல்ல மண் இல்லை. டேனரித் தண்ணீர் ஊறி ஊறி, கிணற்றுத் தண்ணீரைக் குடத்தில் இரண்டு நாள் வைத்தால் விளிம்பில் வெள்ளை படியும். கொல்லையில் ஒரு முருங்கைகூடப் பிழைக்கவில்லை. செடிக்கு ஆகாத மண் மிஷினுக்கு ஆயிற்று. மதிலுக்கு வெளியே, பக்கவாட்டுச் சந்தின் ஓர மூலையில் மார்பளவு குழி தோண்டி, இரும்புக் குழாயை நட்டு, அடுப்புக்கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டினார். உப்பு கடையில் வாங்கியது இல்லை. தோல் மண்டியில் பச்சைத் தோலை உதறும்போது கீழே விழும் உப்பைச் சும்மாவே அள்ளிக்கொள்ளச் சொல்வார்கள். இரண்டு சாக்கு கொண்டுவந்தார். சாம்பல் நிறம், நடுவே ரோமம்.

குழி தோண்டும்போது பக்கத்து வீட்டுப் பால்கார அக்கா தன் வேலியோரம் வந்து நின்றார். புருஷன் இல்லாதவர். ஒரு பசுதான் அவருக்குச் சொத்து, உத்தியோகம், பேச்சுத் துணை எல்லாம். அப்போது அது சினையாக இருந்ததால் பால் வற்றிவிட்டது. மழைக்காலத்தில் கன்று போடும், அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"அந்த மூலையில தோண்டாதீங்க டீச்சரம்மா. முனி ஓட்டம் இருக்குதுன்னு எங்க மாமியார் சொல்லுவாங்க."

"இனிமே கரண்ட் ஓடப்போவுதுக்கா. முனியைக் கொஞ்சம் ஓரமாப் போவச் சொல்லுங்க" என்றேன். வீட்டுக்காரர் குழிக்குள்ளிருந்து சிரித்தார். அவர் சிரிக்கிறார் என்பதற்காக இன்னும் இரண்டு கிண்டல் பண்ணினேன். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை.

அதன்பின் எந்த வீட்டு பல்பும் வெடிக்கவில்லை. ராடு உரசும்போதெல்லாம் தெருவில் விளக்குகள் லேசாக மங்கி எழும், அவ்வளவுதான். ஆர்டர் வந்தது. கேட், மாடிப்படிக் கைப்பிடி, சர்ச்சுக்கு ஒரு கிராதி. வீட்டுக்காரர் சாப்பாட்டு நேரத்தில் கேபிள் முனையில் லக்கு தேய்ந்தது, கேபிள் சூடானது என்று மிஷினின் உடம்பைப் பற்றியே பேசினார். பேசட்டும். குழி காய்ந்தால் ராடு ஒட்டிக்கொள்ளும் என்பதால், தினமும் காலையில் அதற்கு ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றுவது என் வேலை ஆயிற்று. சனிக்கிழமை இரண்டு கை உப்பு. ஹவாய் செருப்பைப் போட்டுக்கொண்டு போய் ஊற்றிவிட்டு வந்து பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவேன்.

முதலில் நாய்கள் வந்தன. தோல் உப்பு வாசனைக்கு வந்து குழியைப் பிறாண்டின. ஒருநாள் மிஷின் ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு நாய் ஊளையிட்டுக்கொண்டு ஓடியதைப் பார்த்தேன். அதன்பிறகு எங்கள் சந்துக்குள் ஒரு நாயும் வரவில்லை. வழக்கமாகச் சந்து முனையில் படுத்துக்கிடக்கும் சொறிநாய்கூட இடத்தை மாற்றிக்கொண்டது.

அப்புறம் புழு. குழியிலிருந்து நாலடி தள்ளி, கழுவுத் தண்ணீர் ஓடும் காவா ஓரம். நட்டநடுப் பகல், மழை இல்லை, ஒன்றும் இல்லை. மிஷின் உறுமத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் மண்ணுக்குள்ளிருந்து மண்புழுக்கள் வெளியே வந்தன. ஒன்று இரண்டு இல்லை. வந்து, வெயிலில் நெளிந்து, மறுபடி உள்ளே போக மனமில்லாமல் அங்கேயே கிடந்து செத்தன. வெந்நீர் கலந்த தண்ணீர் ஓடியிருக்கும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

புழுவுக்குக் காக்கை வந்தது. அதுகூடப் பரவாயில்லை. போகப் போக, அவர் மிஷினைப் போடுவதற்கு முன்னாலேயே காக்கைகள் மதில்மேல் வரிசையாக வந்து உட்கார ஆரம்பித்தன. கத்துவதில்லை. எல்லாம் குழியைப் பார்த்தபடி இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்தோம். மிஷின் ஓடாத நாள். அன்றைக்கும் மதில் நிறைய உட்கார்ந்திருந்தன. நான் கல்லை எடுத்து வீசினேன். பறந்துபோய், ஒரு சுற்றுச் சுற்றி, அதே இடத்தில் அதே மாதிரி வந்து உட்கார்ந்தன.

பிறகு அக்காவின் பசு சந்தில் நடக்க மறுத்தது. மேய்ச்சலுக்குப் போகவும் வரவும் அதுதான் வழி. மிஷின் ஓடாதபோது வந்து, குழியோரத்து உப்பைக்கூட நக்கும். ஓடினால், எங்கள் மதில் மூலைக்கு எட்டடி முன்னாலேயே நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றுவிடும். கண் வெளுத்து, மூக்கு விரிந்து, உடம்பெல்லாம் நடுங்கும். அக்கா அதைத் திருப்பி, தெருவைச் சுற்றிக்கொண்டு நெடுவழியில் ஓட்டிப்போவார்.

"மாடு எதையோ பாக்குது டீச்சரம்மா. எனக்கும் அங்க வந்தா யாரோ காலைப் புடிக்கிற மாதிரி இருக்குது" என்றார் ஒருநாள்.

"ரத்தம் கம்மியா இருக்கும்க்கா. ஆஸ்பத்திரில காட்டுங்க."

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது வீட்டுக்காரர் கேட்டார்: "குழியைச் சுத்தி ஒரு வேலி போட்டுடலாமா? சந்துல கொஞ்சம் தூரம்."

"எதுக்கு?"

"சும்மாதான். கரண்ட் போவுது இல்ல."

"மண்ணுல போறது மண்ணோட போயிடும். வேலி போட்டா இங்க ஏதோ இருக்குதுன்னு நாமளே ஊருக்குச் சொன்ன மாதிரி ஆயிடும். அப்புறம் மிஷினை நிறுத்துன்னுதான் வருவாங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். நான் சயின்ஸ் டீச்சர் அல்லவா? பூமியின் மின்னழுத்தம் பூஜ்யம் என்று எத்தனை வருஷம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். பூஜ்யத்தில் யார் காலைப் பிடிக்க முடியும்? அதைவிட, உண்மையைச் சொல்கிறேன், எனக்கு மிஷின் வேண்டும். மிஷின் இருந்தால்தான் அவர் பேசுவார். தெரிந்துகொள்ளப் பயந்துதான் நான் தெரிந்த மாதிரி பேசினேன்.

அடுத்த வாரம் தெருப் பெண்கள் நாலைந்து பேர் நிற்கும்போது எனக்கு வீம்பு ஏறிவிட்டது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற ஜாதி நான். மிஷின் உள்ளே உறுமிக்கொண்டிருந்தது. "பாருங்க, நல்லாப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, குழி மேலேயே ஏறி நின்றேன். காவா ஓரம் போனேன், திரும்பி வந்தேன், இரண்டு தடவை குதித்துக்கூடக் காட்டினேன். "இன்னா ஆச்சு எனக்கு? எந்த முனி வந்து புடிச்சான்?" எல்லாரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்காமல் என் முகத்தையே பார்த்தார். "டீச்சரம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் கடைசியில்.

மதிலில் காக்கைகள் உட்கார்ந்திருந்தன.

மழை பிடித்துக்கொண்டது. ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, குடையோடு கேட்டில் நின்றிருந்தேன். தூறல். கிராதி வேலை அவசரம் என்று வீட்டுக்காரர் பின் வராந்தாவில் கூரைக்கடியில் வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தார். அக்கா பசுவை ஓட்டிக்கொண்டு வந்தார். வயிறு இரு பக்கமும் தள்ளிக்கொண்டிருந்தது. இன்னும் பத்து நாளில் கன்று போடும் என்று முந்தின நாள்தான் சந்தோஷமாகச் சொல்லியிருந்தார். சுற்றிப் போகும் நெடுவழியில் காவா பொங்கி முழங்கால் தண்ணீர் ஓடியது.

பசு அதே எட்டடியில் நின்றது. அக்கா என்னைப் பார்த்தார்.

"மிஷின் நிக்கிற வரைக்கும் இங்கயே நிக்கட்டுமா டீச்சரம்மா?"

அவருக்கு அவசரம் இல்லை. நான் சொன்னது சரி என்று காட்ட எனக்குத்தான் அவசரம். "மழையில சினை மாட்டை நிக்க வெப்பாங்களா? ஒண்ணும் ஆவாது, இழுங்கக்கா" என்று சொல்லிக்கொண்டே நானும் சந்தில் இறங்கினேன். அவர் ஈரக் கயிற்றைப் பிடித்து முன்னால் இழுத்தார். நான் பின்னால் போய் அதன் தொடையில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். பசு என்னைத் திரும்பிப் பார்த்தது. பிறகு நடந்தது. நான்கு எட்டு, ஐந்து எட்டு. குழிக்கு நேராக வந்தது.

உள்ளே அவர் ராடை உரசியிருக்கவேண்டும். பசு முன்னங்கால் இரண்டும் மடிந்து விழுந்தது. கத்தவில்லை. அக்காவும் கயிற்றோடு சேர்ந்து முழந்தாளிட்டு விழுந்தார். அவர் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. நான் ஈர மதிலில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து பசுவின் முதுகைத் தொட்டேன். என் கையை யாரோ முழங்கை வரைக்கும் பிடித்து முறுக்கினார்கள். உதறிக்கொண்டு பின்னால் விழுந்தபோதுதான் புரிந்தது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று அலறினேன். முகத்தில் ஷீல்டு, காதில் மிஷின் உறுமல். அவருக்குக் கேட்கவில்லை. வீட்டுக்குள் ஓடினேன். இயேசு படத்தடியில் அந்தச் சிவப்பு பல்பு மங்கி, எழுந்து, மறுபடி மங்கியது. ஒவ்வொரு தடவை மங்கும்போதும் வெளியே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். மெயின் சுவிட்சை இழுத்தேன்.

அக்கா பிழைத்துக்கொண்டார். காலில் கொஞ்ச நாள் மரமரப்பு இருந்தது. பசு எழவில்லை. வயிற்றுக்குள் கன்று சற்று நேரம் அசைந்தது. வெளியிலிருந்தே பார்க்க முடிந்தது. அதற்குப் பிறகு அதுவும் நின்றது. வீட்டுக்காரர் டேனரி ரப்பர் பூட்ஸோடு மழையில் நின்று அதைப் பார்த்தார். அப்போதுதான் என் காலைக் குனிந்து பார்த்தேன். ஹவாய் செருப்பு. அன்று குதித்துக் காட்டியபோதும் அதே ரப்பர் செருப்பு. தினமும் தண்ணீர் ஊற்றியபோதும் அதே செருப்பு. அக்கா ஆயுசுக்கும் செருப்பு போட்டதில்லை. பூமி பூஜ்யம்தான், ஆனால் எங்கோ தூரத்தில். கரண்ட் இறங்குகிற குழியைச் சுற்றி ஒவ்வொரு அடிக்கும் மின்னழுத்தம் மாறுகிறது, முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே அவ்வளவு தூரம் உள்ள மாடு அதை மனுஷரைவிட அதிகமாக வாங்கும். இதெல்லாம் அப்புறம் புத்தகத்தில் தேடிப் படித்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

தெருவில் எல்லாரும் முனி அடித்துவிட்டது என்றார்கள். யாரும் எங்களைக் குற்றம் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், அது முனியின் கணக்கில் போய்விடும். வீட்டுக்காரர் அன்றைக்கே குழாயைப் பிடுங்கினார். "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்று மட்டும் கேட்டார். இரண்டு நாள் நான் பதில் சொல்லவில்லை. மூன்றாம் நாள் போனேன்.

அக்கா கொட்டகையில் இருந்தார். மாட்டுத் தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீரைச் சொம்பால் மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கரண்ட் மண்ணில் போனது, உப்பு, நான் ஊற்றிய தண்ணீர், வேலி வேண்டாம் என்று நான் தடுத்தது, செருப்பு. முனி இல்லை அக்கா, நான்தான் என்றேன். அவர் மொண்டு ஊற்றுவதை நிறுத்தாமலே கேட்டார். தொட்டி காலியான பிறகு சொம்பைக் கவிழ்த்து வைத்தார்.

"முனின்னே இருந்திருந்தா நான் சுத்திக்கினு போயிருப்பேன் டீச்சரம்மா. நீங்க ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்க. அதான் இழுத்தேன்."

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

மிஷின் வந்த வழியே ஆம்பூர் பழைய இரும்புக் கடைக்குத் திரும்பிப் போயிற்று. வீட்டுக்காரர் பிறகு ஒரு ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். பேசுகிறார், தேவைக்கு. அக்காவுக்கு ஒரு கிடாரிக் கன்று வாங்கிக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார். அது வளர்ந்து பசுவாகிப் பால் கறந்தபோது எங்கள் வீட்டுக்கும் ஊற்றினார். ஆனால் குழி மூடி எத்தனையோ வருஷம் ஆன பிறகும் அதை நெடுவழியில்தான் சுற்றி ஓட்டிப்போனார். நான் இப்போதும் அந்த மூலைக்கு வந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலால் மெல்ல நடந்து கடக்கிறேன். டீச்சரம்மாவும் முனியை நம்ப ஆரம்பித்துவிட்டார்கள் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். நான் மறுப்பதில்லை. அந்த இடத்தில் ஒன்றும் இல்லை என்று இனி யாருக்கும் என் வாயால் சொல்ல மாட்டேன்.